மொய்க்கு நோட்டு உண்டு, பவுனுக்கு இல்லை

பெண்ணைக் கொடுத்தவர்களுக்கும் பெண் எடுத்தவர்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன். எனக்கு மகளும் இருக்கிறாள், மகனும் இருக்கிறான். விவாகரத்து என்பது பட்டணத்துக்காரர் வீட்டுச் சங்கதி என்று, திருவண்ணாமலையை ஒட்டிய நம் அடி அண்ணாமலையில் பேசிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குக் கடை போடுகிற வீட்டிலும் நடக்கிறது, அரசு உத்தியோகக்காரர் வீட்டிலும் நடக்கிறது. அது நடப்பதை நான் குறை சொல்லவில்லை. ஒரே கூரைக்குள் ஒருவரை ஒருவர் தினம் தினம் சாகடிப்பதைவிடப் பிரிந்து போவது மேல். என் கோபமெல்லாம் பிரிந்த பிறகு நாம் செய்கிற காரியத்தின் மேல்தான். செய்யாமல் விடுகிற காரியத்தின் மேல் என்றுதான் சொல்ல வேண்டும்.

தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் "அப்பாடா, முடிஞ்சிபோச்சி" என்கிறோம். கோயிலில் நெய்விளக்கு ஏற்றுகிறோம். இனிமேல் அந்த வீட்டார் பேச்சையே எடுக்கக்கூடாது என்று பிள்ளைக்கு உத்தரவு போடுகிறோம். என்ன முடிந்தது? வங்கியில் இருவர் பெயரிலும் உள்ள கணக்கு அப்படியே இருக்கிறது. வீட்டுக் கடனில் இரண்டு கையெழுத்தும் அப்படியே இருக்கின்றன. எல்.ஐ.சி. பாலிசியில் நாமினி அவன். பி.எஃப்.-இல் நாமினி அவள். ரேஷன் கார்டு ஒன்று, கேஸ் இணைப்பு ஒன்று, கூட்டுப் பட்டா ஒன்று. நீதிமன்றம் கல்யாணத்தைத்தான் முடித்துவைத்தது. கணக்கை முடிக்க வேண்டியவர்கள் நாமும் நம் பிள்ளைகளும். நாமோ அதைப் பேசவே கூச்சப்படுகிறோம். பிள்ளைகளையும் பேச விடுவதில்லை.

கல்யாணத்தன்று நமக்கு இந்தக் கூச்சம் இருந்ததா? மண்டப வாசலில் மேசை போட்டு, நம்பிக்கையான இரண்டு பேரை உட்காரவைத்து, மொய் எழுதினோம். 101 ரூபாய் வைத்தவரையும் ஊர்ப் பெயர், தகப்பனார் பெயரோடு எழுதினோம். அந்த நோட்டு இன்றும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் அதே மேடையில் பெண்ணின் கழுத்திலும் கையிலும் போட்டு அனுப்பிய பவுனுக்கு ஒரு வரி எழுத்து உண்டா? ஆரம் எத்தனை பவுன், வளையல் எத்தனை, எந்தக் கடை, ரசீது எங்கே? பாத்திரம், கட்டில், பீரோ, மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த வண்டி? "அவ்ளோ பெரிய மனுஷங்க கிட்ட லிஸ்ட் எழுதி நீட்டுவாங்களா, அசிங்கமா இருக்காது?" என்று கேட்பவர்களை நான் நூறு முறை பார்த்திருக்கிறேன். எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1985-இல் வந்த விதிகளின்படி, மணமகளுக்குக் கொடுத்த பரிசுகளின் பட்டியலை மணமகளும், மணமகனுக்குக் கொடுத்ததை மணமகனும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். என்ன பொருள், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் யார், அவருக்கு என்ன உறவு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நாற்பது ஆண்டாக இருக்கிற விதி. நம் பக்கத்துக் கல்யாணம் எதிலாவது அந்தப் பட்டியலை நீங்கள் பார்த்ததுண்டா?

பட்டியல் இல்லாததால் என்ன ஆகிறது என்பதைப் பிரிவு பேச உட்காரும்போதுதான் பார்க்கிறோம். பெண் வீட்டார் முப்பது பவுன் என்பார்கள். பையன் வீட்டார் பதினெட்டு என்பார்கள். நடுவில் இருக்கிற பெரியவர் இருபத்திரண்டு என்று முடிப்பார். கல்யாண ஆல்பத்தைத் திறந்து, போட்டோவில் தெரிகிற மாலையை எண்ணுகிற அவலத்தையும் பார்த்தாயிற்று.

இனி, அந்த நகை யாருடையது என்பதில் நமக்கிருக்கிற குழப்பம். மாமியார் வீடு தனது என்கிறது. நாமோ நம்முடையது என்கிறோம், "நான் போட்ட நகை" என்று. இரண்டுமே தப்பு. பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்தது அவளுக்கே முழுச் சொந்தம் என்று உச்ச நீதிமன்றம் 1985-இலேயே சொல்லிவிட்டது. கணவனிடம் கொடுத்து வைத்திருந்தால் அவன் காவலாளிதான், பங்காளி இல்லை. 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கு ஒன்றில் அதே நீதிமன்றம் இன்னும் அழுத்தமாகச் சொன்னது. 2003-இல் கல்யாணம், 89 பவுன் நகை. முதல் இரவன்றே, பத்திரமாக வைக்கிறேன் என்று கணவன் வாங்கித் தன் தாயிடம் கொடுத்துவிட்டான் என்பது பெண்ணின் புகார். பழைய கடனை அடைக்க நகை போய்விட்டது. சீதனம் கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான சொத்து ஆகாது என்று சொல்லி, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார்கள். கல்யாணம் முடிந்து அந்தத் தீர்ப்பு வரும்போது இருபது வருடம் தாண்டிவிட்டது.

அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த இன்னொரு தீர்ப்பைப் பெற்றவர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். தெலங்கானாவைச் சேர்ந்த ஒரு தகப்பனார். மகள் அமெரிக்காவில் விவாகரத்து வாங்கி, மறுமணமும் செய்துகொண்டுவிட்டாள். அதற்குப் பிறகு அவர், மகளுக்குப் போட்ட நகையைத் திருப்பித் தரவில்லை என்று பழைய சம்பந்தியின் மேல் போலீசில் புகார் கொடுத்தார். உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. நகைக்கு உரிமைக்காரி மகள். அவள் அதிகாரம் கொடுக்காமல் தகப்பன் கேட்க முடியாது என்றது. அதோடு, அந்தத் தம்பதி விவாகரத்தின்போதே எழுத்து ஒப்பந்தம் போட்டு, எந்தப் பொருள் யாருக்கு என்று தீர்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் குறிப்பிட்டது. பிள்ளைகள் முறையாகக் கணக்கு முடித்துப் போய்விட்டார்கள், பெற்றவருக்குத்தான் முடியவில்லை. நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே? பெண்ணைக் கேட்காமல் நாமே கேட்கிறோம், பெண்ணைக் கேட்காமல் நாமே விட்டுக்கொடுக்கிறோம். "போனா போவுது, அந்தப் பீடை காசு நமக்கு எதுக்கு" என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டு எழுந்துவருகிற தகப்பன்மார்களே, விட்டுக்கொடுக்க அது உங்கள் பொருளே இல்லை.

நகைக்காவது இப்படி ஒரு தெளிவு உண்டு. மற்ற சொத்துக்கு? கார்த்திகை தீபத்தன்று மலைமேல் சுடர் ஏறுகிற அந்த ஒரு சில நிமிடம் அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து காட்சி தருகிறார். உமைக்கு உடம்பில் பாதி கொடுத்த ஊர் இது என்று பெருமையாகச் சொல்கிறோம். இந்த நாட்டுச் சட்டத்தில் மனைவிக்கு அந்தப் பாதி கிடையாது. கோவா போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் போர்த்துக்கீசியர் காலத்துச் சட்டத்தின் வழியாக, கல்யாணத்தோடு சொத்து இருவருக்கும் பொது என்ற ஏற்பாடு உண்டு. மற்ற இடங்களில் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. வீட்டு வேலை, மாட்டு வேலை, மாமனார் மாமியார் பணிவிடை என்று பதினைந்து வருடம் உழைத்தவளின் பெயர் பத்திரத்தில் இல்லையென்றால், உழைப்பைக் காட்டி அவள் வழக்காடித்தான் வாங்க வேண்டும். 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அப்படி ஒரு வழக்கில்தான் தீர்ப்பு எழுதினார். நெய்வேலிக் குடும்பம். கணவர் பல ஆண்டு சவூதியில் வேலை செய்து பணம் அனுப்பினார், மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு சொத்து வாங்கினார். ஊர் திரும்பியதும் சண்டை; எல்லாம் என் பணம் என்றார் கணவர். மனைவியின் வீட்டு உழைப்பும் அந்தச் சொத்தைச் சம்பாதிக்கப் பங்களித்திருக்கிறது, அவருக்கும் சமபங்கு உண்டு என்றது தீர்ப்பு. பெரிய தீர்ப்பு, எல்லோரும் கைதட்டினோம். நான் கவனித்தது வேறொன்று. தீர்ப்பு வந்தபோது கணவர் உயிரோடு இல்லை. அவர் போட்ட வழக்கைத் தாய்க்கு எதிரே நின்று நடத்தியது அவர்களின் பிள்ளைகள்.

கணவன் மனைவி பிரிக்காமல் விட்ட காசு அவர்களோடு போவதில்லை, பிள்ளைகளின் கைக்குச் சண்டையாகப் போகிறது. இது நமக்குத் தெரியாததா? பின்னே ஏன் பிரிக்க மாட்டேன் என்கிறோம்?

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று, ஒட்டவைத்துவிடலாம் என்கிற ஆசை. மாட்டுப் பொங்கலன்று திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல். அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுகிறாள். மறுநாள் சுவாமி தனியாகக் கிரிவலம் வருகிறார், நம் ஊர் வழியாகத்தான் வருகிறார், போய்ச் சேர்ந்ததும் சமாதானம். "சாமிக்கே சண்டை வருது, அடுத்த நாள் சேர்ந்துக்கல?" என்று சொல்லிச் சொல்லி எத்தனை பெண்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். ஊடல் வேறு, இது வேறு. வழக்குப் போட்டு, கவுன்சலிங் போய், ஒரு வருடத்துக்கு மேல் தனித்தனியே வாழ்ந்து, நீதிபதி முன்னால் இருவரும் வேண்டாம் என்று சொல்லிவிட்ட பிறகும், "கணக்கை இப்ப மூட வேணாம், நாளைக்குச் சேர்ந்தா?" என்று ஒரு நூலைப் பிடித்துக்கொண்டு நிற்பது பாசம் இல்லை. அந்த நூலைப் பிடித்துத்தான் அந்தப் பக்கம் இழுக்கிறார்கள்.

இழுப்பதைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஒரு நகைக்கடன் அட்டை. ஆரம் 1, வளையல் 4, தோடு 1 ஜோடி. மொத்த எடை, கல் கழித்த எடை. கடன் வாங்கியவர் பெயர் கணவனுடையது. கழற்றிக் கொடுத்தவள் பெயர் அதில் எங்கும் இல்லை. வட்டி கட்டச் சொல்லி வருகிற நோட்டீஸ் அவன் முகவரிக்கு. அவன் கட்டவில்லை என்றால் ஏலம். நகை ஏலம் போனதுகூட இங்கே தாய் வீட்டில் இருப்பவளுக்குத் தெரியாது. மீட்டாலும் அவன் கையில்தான் கொடுப்பார்கள். ஆகவே பிரிவு பேசும்போது "அடமானத்தில் இருக்கிற நகையைத் திருப்பித் தருவான்" என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. எந்த வங்கி, எந்தக் கடன் எண், எந்தத் தேதிக்குள் மீட்டு, யார் முன்னிலையில் கையில் கொடுப்பது என்று எழுத்தில் வர வேண்டும்.

இதற்கு நேர் எதிராகப் பெண்கள் பெயரில் நிற்கிற கடன்கள். குழுக் கடன், வாரக் கடன் எல்லாம் அவள் பெயரில், அவள் ஆதாரில். பணம் போனது அவன் வாங்கிய ஆட்டோவுக்கு. அவள் இங்கே வந்த பிறகும் வசூலுக்கு வருகிறவர் இந்த வாசலுக்குத்தான் வருவார். விவாகரத்து ஆணையைக் காட்டினால் அவருக்கு என்ன? வங்கியும் அப்படியே. வீட்டுக் கடனை இனிமேல் கணவனே கட்ட வேண்டும் என்று இருவரும் எழுதிக்கொண்டாலும், அந்த ஏற்பாட்டில் வங்கி கையெழுத்துப் போடவில்லை. அவன் தவணை தவறினால் கூட்டுக் கடன்காரியான அவளிடம் கேட்பார்கள், அவளுடைய சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்து விழும். பிறகு தன் சம்பாத்தியத்தில் ஒரு தையல் மெஷினுக்குக் கடன் கேட்டாலும் கிடைக்காது. வீட்டை விற்றுக் கடனை அடையுங்கள், அல்லது ஒருவர் பெயருக்கு மட்டும் கடனை மாற்றித் தரும்படி வங்கியில் எழுத்து மூலம் கேட்டு, மற்றவரை விடுவித்ததற்குக் கடிதம் வாங்குங்கள். வேறு வழி இல்லை.

கைப்பேசியைச் சொல்ல மறக்கக் கூடாது. அவள் வங்கிக் கணக்கோடு இணைத்த எண் அவனுடையதாக இருக்கும். கல்யாணமான புதிதில் அவன்தான் கூட்டிப்போய்க் கணக்குத் தொடங்கியிருப்பான். ஓடிபி அங்கே போகிறது, எவ்வளவு வந்தது எவ்வளவு எடுத்தாள் என்கிற செய்தி அங்கே போகிறது. இருவர் பெயரிலும் இருக்கிற கணக்கு "இருவரில் ஒருவர்" எடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் இருந்தால் முழுப் பணத்தையும் ஒருவரே துடைத்து எடுத்துவிடலாம். வங்கி மற்றவரைக் கேட்காது. நாமினி பெயரும் விவாகரத்தோடு தானாக மாறாது. பி.எஃப்., பாலிசி, டெபாசிட் ஒவ்வொன்றிலும் போய்ப் படிவம் கொடுத்து மாற்ற வேண்டும். ரேஷன் கார்டைப் பிரித்தால்தான் அவளுக்கென்று ஒரு குடும்பம் கணக்கில் வரும். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு கார்டுக்கு ஒரு பெண்ணுக்குத்தான். பழைய கார்டிலேயே அவள் பெயர் தொங்கிக்கொண்டிருந்தால் அந்தப் பணம் மாமியாருக்குப் போகும், அவள் இங்கே விண்ணப்பிக்கவும் முடியாது.

இவ்வளவையும் விட்டுவிட்டு, ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் முன்னால் இருபது ரூபாய் பத்திரத்தில் "இனி ஒருவர் மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை" என்று எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கி, தீர்த்து விட்டாயிற்று என்கிறோமே, அதைப் பற்றி எவ்வளவு திட்டினாலும் எனக்கு ஆறாது. சாதி வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டம் ஒரேயடியாக ஒதுக்கவில்லை; ஆனால் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு இருக்கிறது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் அந்தப் பத்திரம் வெறும் காகிதம். கல்யாணம் அப்படியே இருக்கிறது. அவன் நாளைக்கு இறந்தால் அவள்தான் விதவை, வாரிசு. அவளுக்கு நீங்கள் பார்த்து வைத்த இரண்டாவது கல்யாணம் செல்லாது. அவசரப்பட்டு மறுமணம் முடித்துவைத்த பெற்றோரே, உங்கள் பேத்தியின் எதிர்காலத்தை அந்த இருபது ரூபாய் தாளில் வைத்துவிட்டுத் தூங்குகிறீர்கள்.

பையனைப் பெற்றவர்களுக்கும் வருகிறேன். மருமகள் வழக்குப் போடுவாள் என்று தெரிந்ததும் முதல் வேலையாகப் பையன் பெயரில் இருக்கிற மனையை அண்ணன் பெயருக்கு இனாமாக எழுதிவிடுகிறீர்கள். கிரிவலப் பாதைப் பக்கம் மனை விலை ஏறிய பிறகு இது அதிகமாகிவிட்டது. வருமானம் ஒன்றுமில்லை, கூலி வேலை என்று சொல்லச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேகா வழக்கில் நாடு முழுவதற்கும் ஒரு முறை வைத்துவிட்டது. ஜீவனாம்ச வழக்கில் இருவரும் தங்கள் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும். விவசாயக் குடும்பத்துக்கென்றே தனிப் படிவம் உண்டு. நிலம் எவ்வளவு, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், மாடு ஆடு எத்தனை என்பதுவரை கேட்கிறது. பொய் சொன்னால் பையன் மேல் தனி நடவடிக்கை வரும். இனாமாகக் கை மாறிய சொத்தையும் ஜீவனாம்ச உரிமை தொடர்ந்து போகக்கூடும் என்பதற்கு 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த மனை திரும்பி வருவதில்லை. அண்ணி தர மாட்டாள். மருமகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று உங்கள் சொந்தப் பிள்ளையை மனை இல்லாதவனாக்கிவிட்டீர்கள்.

சொத்து, கடன், வருமானம் கேட்கிற அந்தப் படிவத்தை ஜீவனாம்ச வழக்கு இல்லாதவர்களும் பயன்படுத்தலாம் என்பேன். இருவரும் சம்மதித்துப் பிரிகிற வீடுகளில், மனு போட்டதிலிருந்து இரண்டாவது முறை ஆஜராகும் வரை பொதுவாக ஆறு மாதம் இடைவெளி இருக்கும். தகுந்த வழக்கில் அதைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த ஆறு மாதத்தைக் காத்திருப்பு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறோம். கணக்கு முடிக்கத் தோதான காலம் அதுதான். படிவத்தை வைத்து இருவரும் உட்கார்ந்து நிரப்பட்டும். கூட்டுக் கணக்கை மூடுங்கள், நகையை எடை போட்டுக் கைமாற்றுங்கள், நிலம் இருந்தால் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து பட்டாவையும் மாற்றுங்கள். ஒரே தொகையாகக் கொடுப்பது என்றால் கடைசிக் கையெழுத்துக்கு முன்னால் டி.டி. கைக்கு வரட்டும். மாதாமாதம் தருகிறேன் என்கிற பேச்சு மனைவி விஷயத்தில் வேண்டாம் என்பது என் கட்சி. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி அவளைப் போன் போட வைக்கிற ஏற்பாடு பிரிவே இல்லை. கொடுக்க முடியாத ஏழை வீடு என்றால் வேறு வழியில்லை, அப்போதும் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகப் போகட்டும்.

குழந்தை விஷயம் மட்டும் இதில் சேராது. கணவன் மனைவிக்குள் முழுசாக வெட்டிக்கொள்ளச் சொல்கிறேன், தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் அல்ல. "குழந்தை எங்ககிட்ட, உங்க காசு ஒரு பைசா வேணாம்" என்று வீறாப்பாக எழுதிக்கொடுத்துவிட்டு வருகிற பெண் வீட்டாரே, குழந்தையின் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கத் தாய்க்கே அதிகாரம் இல்லை, தாத்தா பாட்டிக்கு எங்கிருந்து வந்தது? விவாகரத்தான மனைவி வாரிசு இல்லை; பிள்ளை எப்போதும் வாரிசுதான். பள்ளிக் கட்டணம், மருத்துவம், வயதுக்கேற்பத் தொகை ஏறுவது எல்லாவற்றையும் தனியே எழுதுங்கள். பேத்திக்குத் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால் காப்பாளர் யார் என்று பாருங்கள்; தகப்பன் தொடங்கியிருந்தால் அவன்தான் அதை நடத்துவான். காவல் உரிமை தாய்க்கு என்று ஆன பின் அதை மாற்றக் கேட்க வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்று சொல்லாதீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்ணாக இருந்தாலே போதும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. திருவண்ணாமலையில் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பௌர்ணமிக்குக் கடையை விட்டு வர முடியாது என்றால் அடுத்த திங்கட்கிழமை மகளோடு போங்கள். நகை ரசீது, பாஸ்புக், கடன் அட்டை, கல்யாண ஆல்பம், கையில் இருப்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வக்கீல் கேட்கிற கேள்விக்கு அவளே பதில் சொல்லட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள்.